பிரசவ அறையிலிருந்து வந்த துணைவேந்தர்

தைப்பூசத்தன்று பத்துமலையில் கரும்புத் தொட்டில் ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரும்பில் மஞ்சள் துணியைக் கட்டி, அதில் பிள்ளையைக் கிடத்தி, பெற்றவர்கள் 272 படிகளையும் ஏறுவார்கள். நாம் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறோம். நம் பாட்டிமார் காலத்திலோ, தாய் பிழைத்து எழுந்ததற்கும் அதே நேர்த்திக்கடன்தான். தோட்ட லயங்களில் மருத்துவச்சியையும் டிரஸ்ஸரையும் நம்பிப் பிள்ளை பெற்ற காலம் அது.

அந்தப் பெண்கள் எந்த மண்ணிலிருந்து கப்பலேறி வந்தார்களோ, அந்தச் சென்னை மாகாணத்தில் இதே பயத்தோடு போராடியவர் டாக்டர் ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார் அவர்கள். 1887-இல் கர்நூலில் பிறந்தார். இரட்டையரில் ஒருவர், மற்றவர் அரசியலில் புகழ்பெற்ற சர் ஏ. இராமசாமி முதலியார்.

இவரைச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்றுதான் பலரும் அறிவார்கள். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அந்தப் பெருமை அவருடைய முதல் தொழிலை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். அவர் மகப்பேறு மருத்துவர். எழும்பூர் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர்.

ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதா என்று பெண்கள் கூசிய காலம். அதற்காகவே 1885-இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்குத் தனி மருத்துவமனை தொடங்கினார்கள். பல குடும்பங்களில் மருத்துவச்சி கைவிட்ட பிறகுதான் வண்டி கட்டுவார்கள். நேரம் கடந்து, இரத்தம் வற்றி வந்து சேரும் தாயைப் பற்றி இங்கிலாந்துப் பாடநூல் என்ன சொல்லும்? அது அந்த நாட்டுப் பெண்களைப் பார்த்து எழுதியது. சோகை, மலேரியா, கொக்கிப்புழு எல்லாம் நம் பெண்களின் பாடு. மலாயாத் தோட்டங்களிலும் இதே கதைதான்.

1938-இல் முதலியார் 'கிளினிக்கல் ஆப்ஸ்டெட்ரிக்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். நோயாளியின் படுக்கையருகே கற்கும் பாடம் என்பதைத் தலைப்பே சொல்கிறது. தம் கையில் வந்த பெண்களைக் கொண்டு நம் நாட்டு மாணவர்களுக்கு ஒரு மருத்துவர் எழுதிய புத்தகம். துணைவேந்தராக அவர் செய்த எதையும்விட இதையே நான் பெரிதாகச் சொல்வேன். பட்டமளிப்பு விழாவில் அவர் பேசியதைக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். இந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் கைபட்டுப் பிழைத்த தாய்மாரை யார் எண்ணினார்கள்?

மறு ஆண்டு, 1939-இல், சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல்வரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. பிறகு பதவிகள் வரிசையாக வந்தன. 1961-இல் புதுடில்லியில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவைக்குத் தலைமை தாங்கினார். 1974-இல் காலமானார்.

புத்தகம் நிற்கவில்லை. டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன் அதில் சேர்ந்தார். பின்வந்த பேராசிரியர்களும் திருத்தித் திருத்திப் புதிய பதிப்புகள் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலிருந்து சென்னைக்குப் போய் மருத்துவம் படித்து வந்தவர் உங்கள் வட்டாரத்தில் இருந்தால், 'முதலியார்-மேனன்' என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் புத்தகம் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.