ஒரு அணா கணக்கு: டி. நகருக்குப் பேர் கொடுத்தவரோட கதை

தீபாவளி வந்துட்டா டி. நகர்ல கால் வைக்க இடம் இருக்காது. ரங்கநாதன் தெருவுல ஒரு தள்ளுமுள்ளு, பாண்டி பஜார்ல ஒரு நடை, அப்புறம் பனகல் பார்க் பக்கம் பஸ்ஸுக்கு நிக்கிறது. அடுத்த தடவை போகும்போது அங்க இருக்கிற பேர்களை மட்டும் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பனகல் அரசர், டாக்டர் நாயர், நடேசன், உஸ்மான், சௌந்தரபாண்டியன். எல்லாருமே நீதிக்கட்சிக்காரங்க. 1920கள்ல மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான ஊர் இது. ஒரு கட்சியோட குரூப் போட்டோவையே தெருத்தெருவா பிரிச்சு வச்ச மாதிரி இருக்கும். அந்த போட்டோவுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கிறவர்தான் நம்ம 'டி'. தியாகராயர்.

பிட்டி தியாகராயர் பிறந்தது 1852ல, வட சென்னை கொருக்குப்பேட்டையில. தெலுங்கு பேசுற நெசவாளர் குடும்பம். மாநிலக் கல்லூரியில பி.ஏ. முடிச்சார். அந்தக் காலத்துல பி.ஏ. படிச்சவர் நேரா சர்க்கார் வேலைக்குப் போவார், இல்லன்னா வக்கீலுக்குப் படிப்பார். இவர் ரெண்டும் பண்ணல. தறிக்கும் தொழிலுக்கும் திரும்பி வந்துட்டார். 1909ல தென்னிந்திய வர்த்தக சபை உருவானப்போ அதைத் தொடங்கினவங்கள்ல இவரும் ஒருத்தர். எப்பவும் வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. அதனாலதான் 'வெள்ளுடை வேந்தர்'னு இன்னைக்கும் மேடைகள்ல சொல்றாங்க.

அரசியல் வரலாற்றுல இவர் பேர் வர்றது 1916லதான். அந்த வருஷத் தேர்தல்ல இவரும் தோத்தார், டாக்டர் டி.எம். நாயரும் தோத்தார். ரெண்டு பேருக்கும் மாநகராட்சியில இருந்தே ஒத்துப்போகாது. அவங்களை ஒரே இடத்துல உட்கார வச்சவர் டாக்டர் நடேசனார். 1916 நவம்பர் 20ஆம் தேதி வேப்பேரியில ஒரு வக்கீல் வீட்டுல கூடினாங்க. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. அது நடத்தின 'ஜஸ்டிஸ்' பத்திரிகையோட பேராலதான் நமக்கு அது நீதிக்கட்சி. படிப்பும் உத்தியோகமும் ஒரே சமூகத்துக்கிட்ட குவிஞ்சு கிடக்கு, மத்தவங்களுக்கும் பங்கு வேணும். அவங்க கேட்டது இதைத்தான்.

1920ல சென்னை மாகாணத்துல முதல் பொதுத்தேர்தல். காங்கிரஸ் போட்டியிடல. நீதிக்கட்சி ஜெயிச்சது. ஆட்சி அமைக்கச் சொல்லி கவர்னர் வெலிங்டன் தியாகராயரைத்தான் கூப்பிட்டார். இவர் வேண்டாம்னுட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சர் ஆனார், அவருக்கு அப்புறம் பனகல் அரசர். தியாகராயர் கட்சித் தலைவராவே இருந்துட்டார்.

இந்தத் தியாகத்தைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. ஆனா அவர் வேண்டாம்னு சொன்னதைவிட, வேணும்னு வச்சுக்கிட்டது எதுன்னு பார்த்தாதான் ஆள் புரிவார். அது மாநகராட்சி. 1882லருந்து சுமார் 40 வருஷம் அவர் அங்க உறுப்பினர். குடிதண்ணி, சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம்னு பேப்பர்ல முதல் பக்கத்துக்கு வராத சமாச்சாரங்களோட 40 வருஷம். கடைசியில அந்த மாநகராட்சிக்கே தலைவர் ஆனார். அதுவரைக்கும் அந்த நாற்காலி அதிகாரிகளோடது. தேர்ந்தெடுக்கப்பட்டு அதுல உட்கார்ந்த முதல் ஆள் இவர்தான்.

இப்போ 1920 செப்டம்பர் 16க்கு வருவோம். அன்னைக்கு மாநகராட்சி மன்றத்துல ஒரு தீர்மானம். ஆயிரம் விளக்குல இருக்கிற மாநகராட்சிப் பள்ளியில பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாடு போடணும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல செலவு போகக்கூடாது. தலைவர் சொன்ன காரணம் ரொம்ப எளிமை: அங்க படிக்கிறதெல்லாம் ஏழைப் பிள்ளைங்க, அதனால பள்ளிக்கூடத்துல எண்ணிக்கை குறையுது. அப்போ அங்க படிச்சவங்க 165 பேர். 16 அணா ஒரு ரூபா. கணக்குப் போட்டா, ஒரு பள்ளிக்கூடமே சாப்பிட ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 ரூபா 5 அணா. கல்லாவுல உட்கார்ந்து பழகின ஆளோட யோசனை இது. கொள்கை பெருசா இருக்கலாம், ஆனா நாளைக்குக் காலையில அடுப்பு பத்த வைக்க எவ்வளவு ஆகும்னு முதல்ல கேட்டுட்டார்.

அப்புறம் இன்னும் நாலு பள்ளிகளுக்கு இது பரவுச்சு. அஞ்சு பள்ளியும் சேர்த்து 1922-23ல 811 பிள்ளைங்க. 1924-25ல 1,671. ரெண்டே வருஷத்துல இரட்டிப்பு! ஆனா ஆரம்பக் கல்வி நிதியை சாப்பாட்டுக்கு செலவு பண்ணக்கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசு தடுத்தது. 1925 ஏப்ரல்ல சாப்பாடு நின்னுபோச்சு. அதே 1925ல தியாகராயரும் காலமானார்.

இவரைக் குறையே இல்லாத மனுஷரா காட்டி முடிச்சா அது அஞ்சலியாதான் இருக்கும், வரலாறா இருக்காது. 1921ல பெரம்பூர் பின்னி ஆலைகள்ல நடந்த வேலைநிறுத்தம் சாதிக் கலவரமா மாறினப்போ, அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுதுன்னு நீதிக்கட்சித் தலைவர்கள் குற்றம் சொன்னாங்க. கட்சிக்குள்ள இருந்த ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923ல வெளியேறிட்டார். எல்லாருக்கும் பங்கு கேட்டுப் பிறந்த கட்சி, ரொம்பக் கீழ தள்ளப்பட்டவங்க பங்கு கேட்டு வந்தப்போ தடுமாறிச்சு. கட்சிக்குத் தலைவர் தியாகராயர். அந்தப் பொறுப்பும் அவர் கணக்குல சேரும்.

ஆனா அந்த ஒரு அணா யோசனை அவரோட முடியல. 1956ல காமராசர் மாநிலம் முழுக்க மதிய உணவைக் கொண்டுபோனார். 1982ல எம்.ஜி.ஆர். அதை சத்துணவா விரிச்சார். 2022ல காலை உணவும் சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் 'இதுக்குக் காசு எங்க இருந்து வரும்'னு ஒரு கேள்வி வந்துச்சு. அந்தக் கேள்வியை முதல்ல கேட்டவரே தியாகராயர்தான். அவர் அதை 'முடியாது'ன்னு சொல்றதுக்காகக் கேட்கல, 'இவ்வளவுதான் ஆகும், ஆரம்பிங்க'ன்னு சொல்றதுக்காகக் கேட்டார்.

ரிப்பன் மாளிகையில அவருக்கு ஒரு சிலை இருக்கு. சிலைக்கு மாலை போட வருஷத்துக்கு ஒரு நாள் போதும். மாநகராட்சிப் பள்ளிகள்ல தினமும் மணி அடிச்சதும் பிள்ளைங்க தட்டோட வரிசையில நிக்கிறாங்க. தியாகராயருக்கு அஞ்சலி செலுத்தணும்னா, அந்த வரிசையில ஒரு பிள்ளைக்குக்கூட சாப்பாடு இல்லாமப் போகாமப் பார்த்துக்கிட்டா போதும்.