கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் போதுமா?

ரீயூனியன் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "நான் எழுதினால் வண்டியைப் பற்றித்தான் எழுதுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டேன். "எதையாவது எழுதுப்பா, ஆனா சரித்திரக் கட்டுரையா இருக்கணும்" என்றார்கள். வண்டிக்கு மட்டும் சரித்திரம் இல்லையா என்ன?

அதே வாரம் இன்னொரு போன். நம் மெக்கானிக்கல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன். "அண்ணா, பழைய எக்ஸ்பல்ஸ் ஒண்ணு வாங்கியிருக்கேன். காலேஜுக்குப் பின்னாடி ஏரிக்கரையில ஓட்டினா பள்ளத்துல பின்பக்கம் 'டங்'குனு அடிக்குது. கம்பெனி சஸ்பென்ஷனை முன்னாடி பின்னாடி ரெண்டையும் கழட்டிட்டு வெளி கம்பெனி ஐட்டம் போடலாம்னு இருக்கேன். லேப்டாப்புக்கு அப்பா குடுத்த பணம் கையில இருக்கு. போடட்டுமா?"

லேப்டாப் பணம் என்றதும் எனக்குத் திக்கென்றது. 'போடு' அல்லது 'போடாதே' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஐம்பது வருடத்துக்கும் மேல் வயது. அதற்கான பதிலில் என்னுடைய இடது காரை எலும்பும் சம்பந்தப்பட்டிருக்கிறது! எனவே கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். சஸ்பென்ஷனில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. டேம்பர் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெயைச் சின்னத் துவாரங்கள் வழியாகத் தள்ளி, துள்ளும் சக்தியைச் சூடாக மாற்றிவிடுகிறது. சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் நகர முடியுமோ, அதற்கு டிராவல் என்று பெயர். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

1970-களின் ஆரம்பத்தில் மோட்டோகிராஸ் வண்டிகளில் பின் சக்கர டிராவல் சுமார் 100 மில்லிமீட்டர்தான். 1973-ல் ஹோண்டா கம்பெனி எல்சினோர் சிஆர்250எம் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதே வருடம் கேரி ஜோன்ஸ் அதில் அமெரிக்க 250 சிசி தேசியப் பட்டத்தை ஜெயித்தார். கடையில் வாங்கிய சாதாரண ரைடர்கள் என்ஜினைப் புகழ்ந்தார்கள். ஆனால் அவர்களில் பலர் முதல் வேலையாகப் பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றி வீசினார்கள். காரணம் எளிது. சில சுற்று ஓடியதும் எண்ணெய் சூடாகி நுரைத்துவிடும். நுரைத்த எண்ணெய்க்கு அடக்கும் சக்தி ஏது? அந்தக் காலத்தில் 'மாத்தணுமா?' என்ற கேள்விக்குப் பதில், சந்தேகமே இல்லாமல் 'ஆமாம்'.

அதே 1973-ல் ஐரோப்பாவில் ஒரு அதிசயம் நடந்தது. லூசியன் டில்கென்ஸ் என்ற பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர், பின்பக்கம் இரண்டு ஷாக்குக்குப் பதிலாக பெட்ரோல் டாங்குக்கு அடியில் ஒரே ஒரு நீளமான ஷாக்கை வைக்கும் அமைப்பை உருவாக்கியிருந்தார். அவர் எந்த மோட்டார்சைக்கிள் கம்பெனியின் ஊழியரும் இல்லை. யமஹா அந்த யோசனையை விலைக்கு வாங்கியது. ஸ்வீடன் வீரர் ஹாக்கன் ஆண்டர்சன் அந்த யமஹாவில் 1973-ஆம் வருட 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். பிறகென்ன, எல்லாக் கம்பெனிகளும் டிராவலைக் கூட்டுவதில் போட்டி போட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 100 மில்லிமீட்டர் 300-ஐத் தொட்டது!

இந்தப் போட்டியில் வெளியாட்களுக்கு நல்ல அறுவடை. 1974-ல் கலிபோர்னியாவில் ஒரு நண்பரின் கராஜில் வேலையைத் தொடங்கிய பாப் ஃபாக்ஸ், இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் ஷாக்கைச் செய்தார். 1976-ல் கென்ட் ஹோவர்ட்டன் அதைப் பொருத்திக்கொண்டு அமெரிக்க 500 சிசி தேசியப் பட்டம் பெற்றார். அதே 1976-ல் ஸ்வீடனில், தானே மோட்டோகிராஸ் ஓட்டியவரான கென்த் ஓலின் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். இரண்டே வருடத்தில், 1978-ல், ரஷ்ய வீரர் கென்னடி மொய்சேயெவ் கேடிஎம் வண்டியில் ஓலின்ஸ் ஷாக்குடன் 250 சிசி உலக சாம்பியன். 1977-ல் நெதர்லாந்தில் விம் பீட்டர்ஸ் தொடங்கிய 'ஒயிட் பவர்'தான் இன்று கேடிஎம் வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வரும் டபிள்யூபி. நேற்று வெளியே விற்ற சாமான், இன்று கம்பெனி சாமான்!

1980-களில் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே லிங்க் வைத்து, ஆரம்பத்தில் மெத்தென்றும் போகப்போக விறைப்பாகவும் இருக்கும்படி அமைத்தார்கள். 1980-ல் கவாசாகியின் யூனி-டிராக், 1981-ல் ஹோண்டாவின் புரோ-லிங்க், சுசூகியின் ஃபுல் ஃப்ளோட்டர். இதில் சுசூகி விஷயம் கோர்ட் வரை போனது. டான் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க இளைஞர், 'இது என் கண்டுபிடிப்பு' என்று வழக்குப் போட்டார். 1989-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1986-ல் ஹோண்டாவின் சிஆர் வண்டிகளுக்கு கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் வந்தது. வெறும் துவாரத்துக்குப் பதில் மெல்லிய எஃகுத் தகடுகளால் ஆன வால்வு. மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அடித்தாலும் அதற்கேற்ற தடை. கம்பெனி வண்டிக்கும் ரேஸ் வண்டிக்கும் இருந்த தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

அப்படியானால் கம்பெனி எப்போதும் முன்னேறிக்கொண்டே போகிறதா? அதுவும் இல்லை. 2013 மாடல் முதல் ஹோண்டாவும் கவாசாகியும் தங்கள் 450 சிசி மோட்டோகிராஸ் வண்டிகளில் காற்று ஃபோர்க்கைப் போட்டார்கள். எடை குறைந்தது, ஆனால் பல ரைடர்களுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி ஸ்பிரிங் வைக்கும் கிட்டை வெளிக் கம்பெனிகளிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். 2017-ல் ஹோண்டாவும், 2019-ல் கவாசாகியும் ஸ்பிரிங்குக்கே திரும்பிவிட்டன. இந்த வழியில் போகாமல் பழைய ஸ்பிரிங் ஃபோர்க்கையே வைத்திருந்த யமஹாவுக்கு, 'கடையில் வாங்கியபடியே ஓட்டலாம்' என்ற நல்ல பெயர் கிடைத்தது.

நம் ஊர்க் கதையும் இதன் சின்னப் பிரதிதான். 2016-ல் நம்ம சென்னை ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்தது. முன்னால் 200, பின்னால் 180 மில்லிமீட்டர் டிராவல். 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 190-ம் 170-ம். கரடுமுரடாக ஓட்டுபவர்களுக்காக ஹீரோவே ராலி கிட் என்று ஒன்றைத் தனியாக விற்றது; 250-ம் 220-ம். 2023-ல் பார்த்தால் அதே அளவு சஸ்பென்ஷன் எக்ஸ்பல்ஸ் 200 4வி புரோ மாடலில் ஷோரூமிலேயே வருகிறது!

இந்த வரலாற்றில் எனக்குப் புலப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். டிராவல், கேஸ் ஷாக், லிங்க், வால்வு என்று வெளியாட்கள் கொடுத்ததை எல்லாம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. ஒன்றை மட்டும் அவர்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, இனியும் முடியாது. அது உங்கள் எடை! தொழிற்சாலையில் ஸ்பிரிங் போடும்போது யாரோ ஒரு சராசரி மனிதரை மனதில் வைத்துத்தான் போடுகிறார்கள். அந்த மனிதர் நீங்கள் இல்லை.

இந்த ஞானம் எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. 2020-ல் நானும் ஆசைப்பட்டு ஒரு விலை உயர்ந்த பின் ஷாக் வாங்கி மாட்டினேன். என் எடை 58 கிலோ. விற்றவர் எடையைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெக்கானிக்கல் படித்தவன், அந்த ஸ்பிரிங் எத்தனை கிலோ ஆளுக்கானது என்று பார்க்கத் தோன்றவில்லை, வெட்கக்கேடு! இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஒரு சின்ன வரப்பில் ஏறி இறங்கியபோது விறைப்பான ஸ்பிரிங் பின்பக்கத்தைத் தூக்கி அடித்தது. ஹாண்டில்பாருக்கு மேலே பறந்துபோய் விழுந்தேன். காரை எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டில். அம்மா இன்றுவரை அந்த வண்டிச் சாவியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எனவே தம்பியிடம் சொன்னேன்: "பணத்தை எடுக்காதே. முதல்ல ஒரு டேப் எடு." பின் அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே ஒரு புள்ளி வரை, சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து ஒரு அளவு. வண்டி தன் எடையில் நிற்கும்போது ஒரு அளவு. ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டு நீ உட்கார்ந்த பிறகு ஒரு அளவு. முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம், மொத்த டிராவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 170-க்கு 55 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம். அதிகமாக இருந்தால் பிரீலோடை ஏற்று. ஏற்றி அந்த அளவைக் கொண்டுவந்த பின், ஆள் இல்லாத வண்டி கொஞ்சம்கூட அமுங்காமல் விறைத்து நின்றால், ஸ்பிரிங் உனக்கு மெலிது. தலைகீழாக, நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் உனக்குக் கனம். ஃபோர்க் ஆயிலை மாற்றி எத்தனை காலமாயிற்று என்றும் பார்.

இரண்டு நாள் கழித்துப் போன். பையன் 84 கிலோ. பிரீலோடைக் கடைசிப் படி வரை ஏற்றியும் 70-க்குக் கீழே வரவில்லை. பின் ஸ்பிரிங் மட்டும் ஒன்று மாற்றினான், ஃபோர்க் ஆயில் புதிதாக ஊற்றினான். எடுத்து வைத்த பணத்தில் கால் பங்குகூட ஆகவில்லை. "அண்ணா, டங் சத்தம் போயிடுச்சு. லேப்டாப்பும் வாங்கிடுவேன்!"

இதற்கு மேலும் ஒருவனுக்கு வேகம் கூடி, ஷாக் சூடாகி, தாவல்கள் உயர்ந்தால் அப்போது வெளிச் சாமான் நியாயமான செலவுதான். வாங்கட்டும். ஆனால் அளந்த பிறகு வாங்கட்டும்.

ரீயூனியன் அன்று காலை நம் ஒர்க்ஷாப் வாசலில் ஒரு டேப்பும் எடை மெஷினும் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். வண்டியோடு வாருங்கள். முப்பது வருடத்துக்கு முன் படித்த சீனியர்களும் கூச்சப்படாமல் எடை மெஷினில் ஏறலாம். எண்ணை வெளியே சொல்ல மாட்டேன்!