இயங்குதள மாற்றமும் தமிழ் எழுத்தும்: வட சிலாங்கூர்த் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புதிய இயங்குதளம் ஒன்று சந்தைக்கு வரும்பொழுதெல்லாம் அதற்கு மாறுவது தகுமா என்னும் வினா எழுகின்றது. கணினி இதழ்கள் வேகம், பாதுகாப்பு, தோற்றம் ஆகிய அளவுகோல்களைக் கொண்டு இதற்கு விடை கூறுவது வழக்கம். தமிழில் எழுதுவோருக்கும் கற்பிப்போருக்கும் இவ்வளவுகோல்கள் மட்டும் போதா. எழுத்து எவ்வாறு சேமிக்கப்படுகின்றது, எவ்வாறு திரையில் தோன்றுகின்றது, இருபது ஆண்டுகள் கழித்து அதனை மீண்டும் படிக்க இயலுமா என்பனவே இவர்களுக்கு முதன்மையானவை. இந்நோக்கில் விண்டோஸ் 98 தொடங்கி விண்டோஸ் 11 வரையிலான மாற்றங்களை வட சிலாங்கூர்த் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. அனைத்து மாற்றங்களும் ஒரே தகுதியுடையன அல்ல என்பதும், தமிழைப் பொறுத்தவரை அவற்றுள் ஒன்றே இன்றியமையாததாக இருந்தது என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்து.

தோட்டமும் நகரியமும்

கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் ஆகிய இரு மாவட்டங்களும் பெருந்தோட்ட வரலாற்றில் தனியிடம் பெற்றவை. பின்னாளில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்சுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917 ஆம் ஆண்டு ஆன்றி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயர் தமிழ்ப் பெயர் என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். இரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறும் முடிவை எடுத்தவர்கள் தோட்ட நிருவாகத்தினர். அதன் விளைவைச் சுமந்தவர்கள் தொழிலாளர்கள். மறுநடவு செய்த செம்பனை காய்ப்பதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகும். மேலிருந்து வரும் மாற்றம் இவ்வட்டார மக்களுக்குப் புதிதன்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நிலம் வீடமைப்புக்கும் பிற தேவைகளுக்கும் மாற்றப்பட்ட காலத்தில் தோட்டத் தமிழர் பலர் புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங் முதலிய நகரியங்களில் குடியேறினர். பள்ளிகள் சில மாணவர் குறைந்து தேய்ந்தன. சில புதிய இடத்திற்குப் பெயர்ந்தன. கணினி இப்பள்ளிகளுக்குள் நுழைந்த காலமும் இந்த இடப்பெயர்வுக் காலமும் ஏறத்தாழ ஒன்றே. இவ்வொற்றுமை தற்செயலானது. எனினும் அதன் விளைவு பெரிது. தோட்ட வாழ்வைப் பற்றிய கடைசித் தலைமுறைப் பதிவுகளாகிய பள்ளி ஆண்டு மலர், கோயில் திருப்பணி மலர், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பு போன்றவை கையெழுத்திலிருந்தும் தட்டச்சிலிருந்தும் கணினிக்கு மாறிய காலம் அது.

எழுத்துருவே போதுமானதாக இருந்த காலம்

1990களில் தமிழ்க் கணிமைக்கு இயங்குதளத்தின் துணை பெரிதும் தேவைப்படவில்லை. கணினி 256 இடங்கள் கொண்ட எட்டுப் பிட்டு அட்டவணையைப் பயன்படுத்தியது. அதில் ஆங்கில எழுத்துகளுக்கோ ஐரோப்பிய எழுத்துகளுக்கோ உரிய இடங்களில் தமிழ் வரிவடிவங்களை வைத்து எழுத்துரு செய்தால் போதும். கணினி தான் ஐரோப்பிய எழுத்தைக் காட்டுவதாகவே கருதிக்கொண்டிருக்கும். படிப்பவர் கண்ணுக்குத் தமிழ் தெரியும். இந்த எளிய ஏமாற்றே பத்தாண்டுக் காலம் தமிழைக் கணினியில் வாழவைத்தது. இதனை இகழ்ந்து பேசுவோர் உளர். 16 மெகாபைட் நினைவகம் கொண்ட விண்டோஸ் 98 கணினியிலும் தமிழில் தேர்வுத்தாள் அமைக்க முடிந்ததற்கு அதுவே காரணம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இந்நாட்டுத் தமிழாசிரியரிடையே பரவியது இக்காலத்தில்தான். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை வளர்த்தார். 1997 இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு குறியேற்றங்களின் பன்மையைப் பெருஞ்சிக்கலாக முன்வைத்தது. மின்னஞ்சல் குழுவில் நிகழ்ந்த கலந்துரையாடல்களின் வழி திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. ஒன்றுக்கு மாற்றாக மூன்று தரங்கள் வந்தமையும் தமிழர் வழக்கத்திற்கு மாறானதன்று.

எட்டுப் பிட்டு முறையின் எல்லையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். திஸ்கியின் முந்திய வடிவில் இகரத்திற்கு ஒதுக்கப்பட்ட இடம் அனைத்துலக அட்டவணையில் மென் இணைப்புக்குறிக்கு உரியது. சில மென்பொருள்கள் அதனைக் காட்டத் தேவையில்லாத குறியெனக் கருதி விழுங்கிவிட்டன. ‘இலக்கியம்’ என்று தட்டச்சு செய்தால் ‘லக்கியம்’ என்று வந்தது. திஸ்கி 1.7 பதிப்பில் இகரத்திற்கு வேறிடம் தரவேண்டியதாயிற்று.

2000, 2001: தேவையான மாற்றம்

ஒருங்குறி 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிவிட்டது. ஆயினும் பத்தாண்டுகள் வரை அது ஏட்டளவிலேயே இருந்தது. காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. பழைய குறியேற்றங்களில் எழுத்துகள் கண்ணில் படும் வரிசையில் சேமிக்கப்பட்டன. ‘கெ’ என்பது முதலில் கொம்பு, அடுத்துக் ககரம். ஒருங்குறியிலோ ஒலிக்கும் வரிசைப்படி ககரம் முதலிலும் எகரக் குறி அடுத்தும் நிற்கும். கொம்பை இடப்புறம் கொண்டுசென்று நிறுத்தும் வேலை இயங்குதளத்தினுடையது. ‘கொ’ என்பதற்கு ஒரே குறியை இரண்டாகப் பிரித்து ககரத்தின் இருமருங்கும் வைக்கவேண்டும். எழுத்துரு மட்டும் இதனைச் செய்ய இயலாது.

விண்டோஸ் 98 இவ்வேலையை அறியாதது. ஒருங்குறித் தமிழ் அதில் வெற்றுக் கட்டங்களாகவோ கொம்பு இடம்மாறிய எழுத்துகளாகவோ தோன்றியது. 2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 தான் லதா எழுத்துருவுடன் தமிழை இயங்குதள அளவில் ஏற்ற முதல் விண்டோஸ் ஆகும். ஆனால் அது அலுவலகங்களுக்கென வந்தது. அதே ஆண்டில் இல்லப் பயனர்க்கு வந்த மில்லேனியம் பதிப்பு 98 இன் வழித்தோன்றலே. தமிழ் அதில் இல்லை. 2001 அக்டோபர் 25 இல் எக்ஸ்பி வெளிவந்த பின்னரே இரு கிளைகளும் ஒன்றாயின. அதற்கு இரு திங்களுக்கு முன்னர்தான், ஆகஸ்டில், கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றிருந்தது. முந்திய ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் தோன்றிய உத்தமம் அமைப்பு ஒருங்குறியை நோக்கிய நகர்வை முன்னெடுத்துவந்த காலமது.

எக்ஸ்பிக்கு மாறிய ஆசிரியர் உடனே தமிழைப் பெற்றாரா எனின், இல்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தின் வட்டார, மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று சிக்கல் வரிவடிவ மொழிகளுக்கான கோப்புகளை நிறுவுமாறு குறியிடவேண்டும். நிறுவல் வட்டை உள்ளே இடுமாறு கணினி கேட்கும். வட்டு இல்லாமல் கடையிலிருந்து கணினி வாங்கியவர் அங்கேயே நின்றுவிடுவர். பெட்டிக்குள் இருந்த தமிழை வெளியே எடுக்க இயலாமல் ஆண்டுக்கணக்கில் பழைய எழுத்துருவையே பயன்படுத்தியோர் பலர். எக்ஸ்பியுடன் வந்த தமிழ் விசைப்பலகையும் இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்டு முறையைச் சார்ந்தது. இந்நாட்டு ஆசிரியருக்குப் பழக்கமில்லாதது. முரசு அஞ்சலும் தமிழா குழுவினர் இலவசமாக வழங்கிய எ-கலப்பையும் இவ்விடைவெளியை நிரப்பின.

செலவும் சிறிதன்று. எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 மெகாபைட் நினைவகமும் 1.5 கிகாபைட் வட்டிடமும் வேண்டும். பரிந்துரை 128 மெகாபைட். எனவே இயங்குதளத்தை மாற்றுவது என்பது பெரும்பாலும் கணினியையே மாற்றுவதாக முடிந்தது. தனியார் தோட்ட நிலத்தில் நின்ற பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு இது எளிதன்று. ஆயினும் அம்மாற்றம் தகுதியுடையதே. தேடுதல், அகரவரிசைப்படுத்துதல், எழுத்துருவைத் தனியே அனுப்பாமல் மின்னஞ்சல் விடுத்தல், இணையத்தில் தமிழ்ப் பக்கத்தைக் கண்டடைதல் ஆகிய அனைத்தும் அந்த ஒரு படியைத் தாண்டிய பின்னரே இயன்றன.

இங்கு ஒரு கிளைச் செய்தி. ஒருங்குறி ககரத்தை அடிப்படையாகக் கொண்டு அதன்மேல் புள்ளியிட்டு மெய்யை ஆக்குவது தமிழ் இலக்கண மரபுக்கு மாறானது என்றும், மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் ஆவதே முறை என்றும் அறிஞர் சிலர் வாதிட்டனர். இவ்வாதத்தின் பயனாக உருவான அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழ்நாட்டரசு 2010 இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. ஒலியியலையும் வரிவடிவத்தையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால் எழும் வாதம் இது. கையால் எழுதும்போதும் புள்ளியிட்டே மெய்யைக் குறிக்கின்றோம். இயங்குதளங்களோ இவ்விவாதத்திற்குக் காத்திருக்கவில்லை.

ஆங்கிலத்திற்காக வந்த கணினி

தோட்டப்புறப் பள்ளிகளில் இம்மாற்றம் நிகழ்ந்த விதம் வரலாற்று நோக்கில் கவனத்திற்குரியது. 2003 இல் அறிவியல், கணிதப் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதன் பொருட்டு ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் பள்ளிகளுக்கு ஒளிப்படக்காட்டிகளும் வழங்கப்பெற்றன. தமிழ்ப்பள்ளிகளில் தமிழின் இடத்தைச் சுருக்கும் என்று தமிழ் அமைப்புகள் எதிர்த்த கொள்கை அது. ஆயினும் அக்காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலும் எக்ஸ்பியைத் தாங்கியே வந்தன. ஆங்கிலப் பாடமென்பொருளை ஓட்டுவதற்காக வந்த கருவியில் ஆசிரியர் ஒருங்குறித் தமிழை எழுதக் கற்றார். கொள்கை 2012 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. எழுதக் கற்ற தமிழ் நிலைத்தது. கொள்கையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இவ்விளைவை எதிர்பார்த்ததாகத் தோன்றவில்லை.

2004 இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அரசு வெளியிட்டது. லினக்சின் இடைமுகத்தைத் தன்னார்வலர் தமிழாக்கியிருந்தனர். உரிமக் கட்டணம் இன்றி, பழைய கணினியிலேயே ஒருங்குறித் தமிழ் கிடைத்திருக்கும். ஆனால் பள்ளிக்கு வந்த பாடமென்பொருளும் ஆசிரியரின் பழக்கமும் விண்டோசைச் சார்ந்திருந்தமையால் அவ்வழி திறக்கப்படாமலே போயிற்று. வருந்தத்தக்க இழப்பு இது என்பதில் ஐயமில்லை.

பின்வந்த பதிப்புகள்

2007 இல் வந்த விஸ்டா வட்டுக் கேட்காமலே தமிழைக் காட்டியது. அதுவன்றி அதனால் விளைந்த தமிழ்ப் பயன் சிறிதே. விண்டோஸ் 7 விஜயா எழுத்துருவையும், 2012 இல் வந்த விண்டோஸ் 8 திரையில் படிக்க எளிதான நிர்மலாவையும் தந்தன. எக்ஸ்பியில் தமிழை ஒருமுறை அமைத்துக்கொண்டவருக்கு இவற்றிற்காகப் பணம் செலவிடக் காரணமில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 இல் நிறுத்தப்பட்டதே பலரை மாறச்செய்தது. விண்டோஸ் 10 இல் 2019 ஆம் ஆண்டுப் புதுப்பிப்பின் வழி தமிழ்99 விசைப்பலகை இயங்குதளத்திலேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டரசு அதனைத் தரமாக ஏற்ற இருபதாம் ஆண்டில் இது நிகழ்ந்தது.

விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 க்கு 4 கிகாபைட் நினைவகமும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஒப்புதல் பெற்ற செயலியும் வேண்டும். நன்கு இயங்கும் கணினிகள் பல இதனால் தகுதியிழந்தன. பாதுகாப்புக் காரணம் மெய்யானதே; மாணவர் தரவைக் கையாளும் பள்ளி அதனைப் புறக்கணித்தல் ஆகாது. தமிழைப் பொறுத்தவரை இம்மாற்றத்தால் வந்த ஆதாயம் மிகக் குறைவு.

படிக்க இயலாத கோப்புகள்

மாற்றத்தின் மெய்யான விலை வேறிடத்தில் உள்ளது. தமிழ்நாட்டின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தை மலேசியாவும் பின்பற்றியது. எனினும் அதற்கு முன் அச்சான நூலை இன்றைய மாணவர் சற்றுத் தடுமாறியேனும் படித்துவிடுவர். 1998 இல் கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட ஆண்டு மலரின் கோப்பை அவரால் படிக்க இயலாது. அதன் எழுத்துரு இல்லாத கணினியில் அது மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். இக்கட்டுரையாளரின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இடம்பெற்ற தமிழ் மேற்கோள்களும் இன்று அவ்வாறே காட்சியளிக்கின்றன, அச்சுப்படியே துணை.

பல்கலைக்கழக ஆய்வேட்டுக்கு அச்சுப்படி உண்டு. மூடப்பட்ட தோட்டப் பள்ளியின் கூட்டக் குறிப்புக்கு அது பெரும்பாலும் இல்லை. 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் எஞ்சியிருப்பதே அதன் ஒரே படியாக இருத்தல் கூடும். இவ்வட்டாரத் தமிழரைப் பற்றித் தோட்ட நிருவாகம் எழுதிய ஆவணங்கள் காகிதத்தில் உள்ளன. தமிழர் தம்மைப் பற்றித் தாமே எழுதியவை பழைய குறியேற்றங்களில் கிடக்கின்றன. நாளை வட சிலாங்கூர்த் தோட்ட வரலாற்றை எழுதப் புகுவோர் எதனை ஆதாரமாகக் கொள்வர் என்பது இதனைப் பொறுத்தது.

திஸ்கி, டாப் போன்ற பொதுக் குறியேற்றங்களில் அமைந்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. தனியார் எழுத்துருக்களில் அமைந்தவற்றுக்கு அந்த எழுத்துருவே திறவுகோல். அதனைக் கொண்டுதான் எந்த இடத்தில் எந்த எழுத்து உள்ளது என்னும் அட்டவணையை மீட்டெடுக்க இயலும். பள்ளிகள் பழைய கணினிகளைக் கழிவுக்கு அனுப்பும்போது அந்த எழுத்துருக்களும் அவற்றோடு போய்விடுகின்றன. விண்டோஸ் 11 க்கு மாறும் பள்ளி, கழிக்கவிருக்கும் கணினியின் எழுத்துருக் கோப்புறையை முழுமையாகப் படியெடுத்து, பழைய ஆவணங்களைத் திறந்து அவற்றின் பக்கங்களைப் படக்கோப்புகளாகவும் சேமித்து, அதன் பின்னரே வன்வட்டை அழித்தல் வேண்டும். இதற்கு ஓர் ஆசிரியரும் சில நாள்களும் போதும். நெகிழ்வட்டுகளைப் படிக்கும் கருவி ஒன்றையேனும் மாவட்ட அளவில் ஒரு பள்ளியிலோ துறை நூலகத்திலோ பேணி வைத்தால் எஞ்சியவற்றையும் மீட்கலாம். காந்தப் பூச்சு சிதைந்துகொண்டே வருவதால் இப்பணியை நெடுநாள் ஒத்திவைக்க இயலாது.