ஏஜென்ட் ஆரஞ்சு: நிரூபிக்கும் சுமை இறங்கிய கதை

வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் நடுவயதிலேயே நோயில் விழுந்தார்கள். சிலருக்கு நிணநீர்ப் புற்று, சிலருக்குத் தசையில் கட்டி, சிலருக்கு உடம்பெல்லாம் ஆறாத பருக்கள். உதவித்தொகை கேட்டு அரசிடம் போனால், அங்கே காத்திருந்தது ஒரே கேள்வி: இது போரில்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆதாரத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தென் வியட்நாமின் காடுகளிலும் வயல்களிலும் சுமார் 2 கோடி காலன் களைக்கொல்லியைக் கொட்டின. எதிரி மறைய இலை இருக்கக் கூடாது, அவன் உண்ண நெல் இருக்கக் கூடாது என்பது திட்டம். அதில் பாதிக்கும் மேல், ஆரஞ்சு நிறப் பட்டை தீட்டிய பீப்பாய்களில் வந்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற கலவை. அதன் இரண்டு சரக்குகளில் ஒன்றைத் தயாரிக்கும்போதே டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகி, அதோடு கலந்து வந்தது. உடம்பின் கொழுப்பில் குடியேறினால் அது ஆண்டுக்கணக்கில் போகாது. ஆனால் எந்தச் சிப்பாய் எந்த நாளில் எங்கே நின்றான், எவ்வளவு நஞ்சு உள்ளே போனது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. புற்றோ பல ஆண்டுகள் கழித்து வருகிறது. வியட்நாமைக் கண்ணால் பார்க்காதவனுக்கும் அதே புற்று வருகிறது. இந்த நிலையில் தனியொரு நோயாளியிடம் ஆதாரம் கேட்பது, இல்லை என்று சொல்வதற்கான இன்னொரு வழி. அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

சிப்பாய்கள் முதலில் அதைத் தயாரித்த கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார்கள். 1984 மே 7, விசாரணை தொடங்க வேண்டிய நாளிலேயே டௌ, மான்சான்டோ உள்ளிட்ட 7 நிறுவனங்கள் 18 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. தவறு செய்தோம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. முழுதாக முடங்கிப்போனவருக்கும் 10 ஆண்டுகளில் சுமார் 12,000 டாலர்தான். நோய்க்கும் களைக்கொல்லிக்கும் உள்ள தொடர்பு நிரூபணமாகவில்லை என்றே நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் கருதினார். சமரசத்தில் சேராமல் தனியாக நின்றவர்களின் வழக்குகளை அவர் தள்ளிவிட்டார்.

கதை திரும்பியது வேறொரு நீதிமன்றத்தில். முன்னாள் படைவீரர் துறை 1985இல் போட்ட விதி, இந்த நஞ்சால் வருவது குளோராக்னே என்ற தோல் நோய் மட்டுமே என்றது. அதை எதிர்த்துச் சிப்பாய்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1989 மே மாதம் கலிஃபோர்னியாவில் நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் அந்த விதியைச் செல்லாது என்றார். நஞ்சுக்கு ஆளானவர்களிடையே ஒரு நோய் கூடுதலாகக் காணப்படுகிறதா என்று பார்க்கத்தான் சட்டம் சொல்கிறது. இதுதான் காரணம் என்று அறுதியிட்டு நிறுவச் சொல்லித் துறை கேட்டது தவறு. சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கே போக வேண்டும். தீர்ப்பின் சாரம் இது.

அடுத்த ஆண்டு இதே வாதத்துக்கு வலு சேர்க்க வந்தவர், வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைமை வகித்த அட்மிரல் எல்மோ சும்வால்ட். கரையோரப் புதர்களிலிருந்து தன் ஆட்கள் சுடப்படுவதைத் தடுக்க, ஆற்றங்கரைகளில் மருந்தடிக்கச் சொன்னவர் அவரேதான். அந்த ஆறுகளில் படகுக்குத் தலைவனாக இருந்தவன் அவர் மகன். மகன் புற்றுநோயில் 1988இல் இறந்தான், வயது 42. துறைக்கு 1990இல் அளித்த அறிக்கையில், அரசின் ஆய்வுகள் உண்மையை மூடி மறைத்தன என்று அந்தத் தந்தை கடுமையாகவே எழுதினார்.

1991 பிப்ரவரி 6 அன்று ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம் கையெழுத்தானது. அணுகுண்டுச் சோதனைகளுக்கு அருகில் நிறுத்தப்பட்ட சிப்பாய்களுக்காக 1988இல் இதே போன்ற ஒரு சட்டம் வந்திருந்தது. இது அந்த வழியை அகலமாக்கியது. நீ வியட்நாம் மண்ணில் பணி செய்தாயா? பட்டியலில் உள்ள நோய் உனக்கு இருக்கிறதா? அப்படியென்றால் அது அந்த நஞ்சால் வந்தது என்றே அரசு எடுத்துக்கொள்ளும். நோயாளி நிரூபிக்க வேண்டியதில்லை. விஞ்ஞானிகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆய்வுகளைப் பரிசீலிக்க, பட்டியல் வளர்ந்தது: 2001இல் நீரிழிவு, 2010இல் பார்க்கின்சனும் இதய நோயும், 2022இல் ரத்த அழுத்தம். நஞ்சுக்கு ஆளானவர்களுக்காகச் சட்டம் கண்டுபிடித்தவற்றில் இதைவிட மனிதத்தன்மை மிக்கது எதையும் நான் அறியேன்.

அந்தப் பட்டியலில் வியட்நாமியருக்கு இடமில்லை. மருந்து விழுந்தது அவர்கள் கூரைமேல், அவர்கள் கிணற்றில். 2004இல் அவர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள்; விசாரித்தவர் அதே வைன்ஸ்டைன். 2005இல் தள்ளுபடி செய்தார். 2009இல் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்தது. டா நாங் விமானதளத்து மண்ணைச் சுத்தம் செய்ய அமெரிக்கா பணம் தந்தது. ஊனமுற்றோருக்கும் உதவி போனது, ஊனத்துக்கு எது காரணம் என்ற பேச்சையே எடுக்காமல். சிப்பாய்க்கு நோய் வந்தால் காரணம் தானாகவே ஏற்கப்படுகிறது. அந்த மண்ணின் உழவனுக்கு வந்தால் அதைப் பேசுவதே இல்லை. ஒரே பீப்பாயிலிருந்து வந்த நஞ்சுக்கு இரண்டு நியாயம் எப்படி இருக்க முடியும்?

1966இல் மருந்துத் தூறலில் நனைந்த போர்க்காலச் செய்தியாளர் டிரான் டோ ஙா, பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, பிரான்சில் அந்தக் கம்பெனிகள்மேல் வழக்குத் தொடுத்தார். அரசின் ஆணைப்படி செய்தோம், எங்களை விசாரிக்க முடியாது என்று அவை வாதிட்டன. 2024 ஆகஸ்டில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றின் பக்கமே நின்றது. பிரான்சின் உச்ச நீதிமன்றம் வரை போவேன் என்று 80 வயதைக் கடந்த ஙா அறிவித்தார்.