முகத்துக்காகப் பிறந்த ஒளிவில்லை

1839இல் பாரீஸில் டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதனால் எளிதில் பிடிக்க முடியாததாக இருந்தது மனித முகம்தான். அக்காமிராவுக்கென ஷெவாலியே செய்த லென்ஸ் மிகக் குறைந்த ஒளியையே உள்ளே விட்டது. ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. கட்டடங்கள் அசையாது நின்றன. மனிதர்களால் அவ்வாறு நிற்க இயலவில்லை.

இக்குறையைத் தீர்த்தவர் புகைப்படக்காரர் அல்லர். வியன்னா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால். ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணக்கிடுவதில் தேர்ந்த வீரர்கள் சிலர் அவருக்கு உதவியாக அனுப்பப்பட்டனர். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து லென்ஸ் செய்த காலத்தில், தாளில் கணக்கிட்டே ஒன்றை வடிவமைத்தார் அவர். 1840இல் ஃபோக்ட்லெண்டர் அதனைச் செய்து முடித்தார். அதன் துளை ஏறத்தாழ எஃப் 3.6. முந்தைய லென்ஸைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேலான ஒளி. நிமிடங்கள் நொடிகளாகச் சுருங்கின. பின்னர் இருவரும் பகைத்துப் பிரிந்தது தனிக் கதை.

இந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. பெட்ஸ்வால் லென்ஸ் நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் கலங்கியும் படம் தந்தது. அது காணும் குவியத் தளம் தட்டையன்று, வளைந்தது. ஆனால் முகம் இருப்பது நடுவில் அல்லவா? ஓரத்தின் கலக்கம் முகத்தைத் தனித்தெடுத்துக் காட்டியது.

இவ்வகையைச் சேர்ந்த பிரெஞ்சு லென்ஸ் ஒன்றுடன்தான், கல்கத்தாவில் பிறந்து 1879இல் இலங்கையில் மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1864இல் தம் பணியைத் தொடங்கினார். குவியம் தவறிய படங்கள் என்று அன்றைய புகைப்பட இதழ்கள் அவரைக் குறை கூறின. அவற்றின் கையில் இருந்த அளவுகோல் கூர்மை ஒன்றே. அவர் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

அதே அளவுகோலைத்தான் இன்றும் நாம் பெரும்பாலும் கையில் வைத்திருக்கிறோம். மிரர்லெஸ் காமிராக்களுக்கென 2020இல் சிக்மா வெளியிட்ட 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் சுமார் 630 கிராம், எஸ்.எல்.ஆர். காமிராக்களுக்கான அதன் 2016ஆம் ஆண்டு முன்னோடியோ 1,130 கிராம். எடை குறைந்ததற்கு ஒரு காரணம், கோட்டு வளைவைத் திருத்தும் பொறுப்பின் ஒரு பகுதி காமிராவின் மென்பொருளிடம் விடப்பட்டதாகும். கண்ணைத் தானே கண்டறிந்து குவியம் பிடிப்பதும் காமிராவின் வேலையாகிவிட்டது. இவை மெய்யான வசதிகளே. எனினும், தட்டையான சோதனை அட்டையைப் படமெடுத்து மூலைகளின் கூர்மையை எண்ணுவது முகத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும்.

ஒன்றரை மீட்டர் தொலைவில், முழுத் துளையில், இத்தகைய லென்ஸ் தெளிவாகக் காட்டும் ஆழம் இரண்டரை செ.மீ. அளவே. கண் தெளிந்தால் காது கரையும். அந்தக் கரைதல் மென்மையாக நிகழ்கிறதா, முரட்டுத்தனமாகவா என்பதே உருவப்பட லென்ஸிடம் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. 2013இல் லோமோகிராஃபி நிறுவனம் பெட்ஸ்வால் வடிவத்தைப் புதுப்பித்தபோது, மக்கள் விரும்பி வாங்கியது அந்தப் பழைய 'குறை'யைத்தான். 2023இல் நிக்கான் தன் 135 மி.மீ. பிளீனாவை முன்வைத்தபோதும் முதன்மையாகப் பேசியது பின்னணி ஒளிப்புள்ளிகள் ஓரம்வரை வட்டமாக இருப்பதையே.

ஆகவே லென்ஸ் வாங்க விழைவோர் அட்டவணைகளைப் பார்க்கட்டும். அத்துடன் தமக்கு நெருக்கமான ஒருவரைச் சன்னலோரம் அமர்த்திப் படமெடுத்தும் பார்க்கட்டும். இவ்வகை லென்ஸ் அந்தத் தேவைக்காகவே கணக்கிடப்பட்டது.