பால்மாற்று வேடம்

ஆண் பெண்ணாகவோ, பெண் ஆணாகவோ ஒப்பனை செய்து கதைமாந்தராகத் தோன்றுவது பால்மாற்று வேடம் எனப்படும். தமிழ் நாடக உலகில் ஆண் ஏற்கும் பெண் வேடத்துக்கு ‘ஸ்திரீபார்ட்’ என்று பெயர். அனிமே, கணினி விளையாட்டு மாந்தர்களைப் போல உடுத்தும் ‘காஸ்பிளே’யில் இதே வழக்கம் ‘கிராஸ்பிளே’ எனப்படுகிறது.

கூத்தும் நாடகமும்

தெருக்கூத்தில் திரௌபதி முதலிய பெண் வேடங்களை மரபாக ஆண்களே ஏற்றனர். முகத்தில் அரிதாரம் பூசி, சவுரி வைத்துப் பின்னி, துணியைச் சுருட்டி மார்பாகக் கட்டி, அதன்மேல் சேலை உடுத்துவர். கண்ணாடிச் சில்லு பதித்த மரக் கிரீடமும் புஜக்கட்டையும் துரியோதனன், கர்ணன் போன்றோருக்கே உரியவை. இரு வகை வேடங்களையும் ஆடுபவர்கள் ஆண்களே ஆனாலும், உடலைப் பெரிதாக்கிக் காட்டும் அணிகள் ஆண் வேடத்துக்குத்தான். கதைக்குள் இந்தக் கட்டு அவ்வப்போது தளரும்: அருச்சுனன் பிருகன்னளையாகி விராடன் மகளுக்கு ஆடல் கற்பிப்பான், அல்லி ஆண்வாடையே ஆகாதென்று மதுரையை ஆள்வாள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை தொடங்கினார். இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு உடையாத சிறுவர்களுக்குப் பெண் வேடம் எளிதாகப் பொருந்தியது. சிவாஜி கணேசனும் இளமையில் சீதையாக நடித்தவர். எதிர்த்திசையில், கே.பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தார்.

பேராக் தோட்டங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருக, வேலைக்கு வந்த தமிழர்களோடு கூத்தும் நாடகமும் வந்தன. மாரியம்மன் திருவிழா இரவில் மேடையேறியவர்கள் விடிந்தால் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டிய தொழிலாளர்கள். பெண்களும் ஆண்களோடு சேர்ந்து பால்மரம் சீவினார்கள். மேடையில் மட்டும் பெரும்பாலும் அவர்கள் இடத்தில் ஆண்கள் நின்றார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. தோட்ட மேடையும் தேய்ந்தது.

கற்பனை விளையாட்டுகள்

கூத்தின் அணிப் பாகுபாட்டுக்கு நிகரானது கணினி விளையாட்டிலும் உண்டு. பல கற்பனை விளையாட்டுகளில் ஆண் வீரனுக்கு உடல் மூடிய கவசம். பெண் வீராங்கனைக்கு இடை தெரியும் கவசம். விலக்குகளும் உள. ‘மெட்ராய்டு’ (1986) விளையாட்டில் முழுக்கவசத்துக்குள் இருப்பவர் பெண் என்பது முடிவில்தான் தெரியும். ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ (1997) நாயகன் ஒரு மாளிகைக்குள் நுழையப் பெண்ணுடை அணிகிறான்.

காஸ்பிளே செய்வோர் கவசத்தை ஃபோம் தகட்டில் வெட்டி, வெப்பக்காற்றில் வளைத்து, ஒட்டி, உலோகம்போல் வண்ணமடிப்பர். கூத்தின் மரக் கிரீடத்துக்கு வேண்டியதே இதற்கும் வேண்டும்: பார்வைக்குக் கனம், தலைக்கும் தோளுக்கும் இலேசு.

மேடைக்கு வெளியே

மலேசியாவில் முஸ்லிம் ஆண்கள் பெண்ணுடை அணிவதை மாநில ஷரியா சட்டங்கள் தடுக்கின்றன. நெகிரி செம்பிலானின் அத்தகைய பிரிவு செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் கூறியது. கூட்டரசு நீதிமன்றம் 2015இல் அத்தீர்ப்பை நீக்கியது. பிற சமூகத்தாருக்கு இச்சட்டம் பொருந்தாது; அவர்களை ஊர்வாய் தடுக்கும். விடியும்வரை திரௌபதியாகக் கும்பிடப்பட்டவரும் பகலில் அதே சேலையோடு தெருவில் நடந்தால் கேலிக்கு ஆளாவார்.