முறைவைத்து முடிசூடும் நாடு



முடி என்பது தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வருவது, வாக்களிப்பு என்பது குடியரசுக்கு உரியது என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். மலேசியாவிலோ அரசர்களே வாக்களித்துத் தம்முள் ஒருவரைப் பேரரசராகத் தெரிவு செய்கிறார்கள். ஐந்தாண்டு முடிந்ததும் அவர் தமது மாநிலத்துக்குத் திரும்பிவிடுகிறார். சமஷ்டியும் முடியாட்சியும் பாராளுமன்ற முறையும் ஓர் அரசியலமைப்பில் எவ்வாறு பொருந்துகின்றன என்பதற்கு இதனினும் சுவையான உதாரணம் கிடைப்பது அரிது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரித்தானியர் மலாய்ச் சுல்தான்களிடம் கையொப்பம் வாங்கி, 1946இல் மலாயா ஒன்றியம் என்ற ஒற்றையாட்சியை நிறுவினர். மலாய் மக்கள் வெகுண்டெழவே, ஈராண்டு நிறையுமுன் அது கைவிடப்பட்டது. 1948 பெப்ரவரியில் மலாயாச் சமஷ்டி பிறந்தது. சுதந்திரம் நெருங்கியபோது அரசியலமைப்பை வகுக்க றீட் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமர்ந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தராயிருந்த சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதில் ஓர் அங்கத்தவர். அரச குடும்பங்களோ ஒன்பது. ஒன்றுக்கு நிலையாக முடியைக் கொடுத்தால் எஞ்சிய எட்டும் தாழ்ந்துவிடும். ஆகவே முறைவைத்துக் கொள்வதே வழியாயிற்று. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நான்கு தலைவர்கள் கூடித் தம் அரசரைத் தேர்ந்தெடுக்கும் மரபு அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. 1957இல் அம்மாநிலத்து அரசர் துவாங்கு அப்துல் ரகுமானே முதற் பேரரசரானார். முதற் பிரதம மந்திரியின் பெயரும் அப்துல் ரகுமான்தான். அந்நாளில் செய்தி வாசித்தவர்கள் சற்றே தடுமாறியிருப்பார்கள்!

தெரிவு ஆட்சியாளர் மாநாட்டில் இரகசிய வாக்கினால் நடைபெறுகிறது. ஒன்பது வாக்குகளில் ஐந்தேனும் வேண்டும். சுல்தான்கள் இல்லாத பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்கு மாநிலங்களின் ஆளுநர்களும் அம்மாநாட்டின் அங்கத்தவர்களே. ஆயினும் இத்தெரிவில் அவர்களுக்குப் பங்கில்லை. கனடாவில் முடி சமஷ்டிக்கு முன்பே இருந்தது. இங்கோ சமஷ்டியின் உறுப்புகளே முடியை ஆக்குகின்றன.

அதிகாரப் பங்கீட்டைச் சுருங்கச் சொல்லலாம். பாதுகாப்பு, வெளிவிவகாரம், கல்வி முதலியன மத்திக்கு உரியன. நிலம், உள்ளூராட்சி, இசுலாமிய சமய விவகாரம் முதலியன மாநிலங்களுக்கு உரியன. பெரிய வரிகள் மத்திக்கே சேர்வதால் மாநிலங்களின் கை மெலிந்ததே. 1963இல் இணைந்த சபாவும் சரவாக்கும் மட்டும் குடிவரவில் தனி அதிகாரம் பெற்றுள்ளன.

பேரரசர் பொதுவாக மந்திரி சபையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டியவர். பாராளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு முப்பது நாளில் அவர் இசையாவிட்டாலும் அது சட்டமாகிவிடும். ஆனால், மக்களவையின் பெரும்பான்மை நம்பிக்கையைப் பெறக்கூடியவர் யார் என்று கருதிப் பிரதம மந்திரியை நியமிப்பதும், பாராளுமன்றத்தைக் கலைக்க மறுப்பதும் அவரது சொந்தத் தீர்மானத்துக்கு விடப்பட்டுள்ளன. பெரும்பான்மை தெளிவாயிருக்கும் காலத்தில் இவ்வதிகாரம் உறங்கிக் கிடக்கும். அது மங்கும்போதோ நாட்டின் ஆட்சியே அதில் தங்கிவிடுகிறது.

2020 பெப்ரவரியில் மகாதீர் முகம்மது பதவி துறந்தபோது இது வெளிப்பட்டது. பேரரசராயிருந்த பகாங் சுல்தான் அப்துல்லா, பாராளுமன்ற உறுப்பினர்களைத் தனித்தனியே அரண்மனைக்கு அழைத்துக் கருத்துக் கேட்டார். மார்ச் 1ஆம் நாள் முகைதீன் யாசின் பிரதமரானார். பேரரசரின் கணிப்பைச் சோதிக்க வேண்டிய இடம் மக்களவை. ஆனால் மே 18இல் கூடிய அவை அரச உரையுடன் ஒரே நாளில் கலைந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதிக்கப்படவில்லை. அரண்மனையில் எண்ணிய தலைகளை அவையில் எண்ணாமல் விட்டது பாராளுமன்ற முறைக்கு ஊறு என்றே நான் கருதுகிறேன்.

2022 நவம்பர்த் தேர்தலில் 222 ஆசனங்களுள் 112ஐ எந்த அணியும் பெறவில்லை. பேரரசர் ஏனைய ஆட்சியாளர்களையும் கலந்து ஆலோசித்து அன்வார் இப்ராகிமை நியமித்தார். இம்முறை டிசம்பர் 19இல் மக்களவை கூடிய முதல் நாளிலேயே நம்பிக்கைத் தீர்மானம் முன்வைக்கப்பட்டு நிறைவேறியது.